பேட்டரி தீர்ந்த பிறகும் நிக்கிற வேலி

இன்னிக்கு எபிசோட் ஒரு நாயில இருந்து ஆரம்பிக்குது.

ரெண்டு வருஷம் முன்னாடி, ஆன்சைட் வேலைக்காக பென்சில்வேனியாவுல மூணு மாசம் இருந்தேன். ஒரு சனிக்கிழமை டீம் லீட் அண்ணா வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். கார்ல இருந்து இறங்கி ரோட்டோரமா நடக்குறேன், புல்வெளி மேல ஒரு லாப்ரடார் குரைச்சுக்கிட்டே நேரா என்னைப் பாத்து ஓடி வருது. சுவர் இல்ல, கேட் இல்ல, சங்கிலியும் இல்ல. கையில இருந்த ஸ்வீட் பாக்ஸைக் கேடயம் மாதிரி புடிச்சுக்கிட்டு கண்ணை மூடிட்டேன். ஒண்ணும் ஆகல. தொறந்து பாத்தா, ஆறடி தள்ளி வெறும் புல்லு மேல பிரேக் போட்ட மாதிரி நிக்குது.

அண்ணா சிரிச்சுக்கிட்டே வந்தார். "பயப்படாதப்பா, லட்டு அதைத் தாண்ட மாட்டான். அங்க வேலி இருக்கு."

எங்கண்ணா இருக்கு? மண்ணுக்குள்ள. கண்ணுக்குத் தெரியாத மின்னணு வேலி.

நம்ம ஊர்க்காரங்களுக்கு முதல்ல வர்ற கேள்வி, ஏன் ஒரு காம்பவுண்ட் சுவர் கட்டிட்டுப் போகக் கூடாது? இதுக்குப் பதில் அமெரிக்கப் புறநகரோட வரலாற்றுல இருக்கு. 1870-ல் ஃப்ராங்க் ஸ்காட் என்பவர் புறநகர் வீட்டுத் தோட்டங்களைப் பத்தி ஒரு புத்தகம் எழுதினார். வேலி வெச்சு உங்க தோட்டத்தோட அழகை அடுத்தவங்க பார்வையில இருந்து மறைக்கிறது கிறிஸ்தவப் பண்பே இல்லைங்கிற அளவுக்குப் போனார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1947-ல் இருந்து, லெவிட் நிறுவனம் நியூயார்க் பக்கத்துலயும் அப்புறம் பென்சில்வேனியாவுலயும் ஆயிரக்கணக்கான வீடுகளை வரிசையா கட்டி லெவிட்டவுன்னு பேர் வெச்சது. வாங்குறவங்களுக்குப் போட்ட விதிகள்ல ஒண்ணு, வேலி போடக் கூடாது. அப்புறம் வந்த பல குடியிருப்புகள்லயும் முன்பக்கம் வேலிக்குத் தடை. தெரு முழுக்க ஒரே புல்வெளி மாதிரி தெரியணும், அதுதான் கனவு.

அந்தக் கனவுல நாய்க்கு மட்டும் இடம் இல்ல. அவிழ்த்து விட்டா ரோட்டுக்கு ஓடும், கார்ல அடிபடும். பல ஊர்கள்ல நாயைக் கட்டாம விடக் கூடாதுன்னு சட்டமும் வந்தது.

இங்கதான் ரிச்சர்ட் பெக் வர்றார். ஊர் ஊரா சுத்துற சேல்ஸ்மேன். ரோட்டுல அடிபட்டுக் கிடந்த நாய்களைப் பாத்துப் பாத்து மனசு கேக்காமத்தான் இதுல இறங்கினார்னு சொல்லுவாங்க. 1973-ல் அவருக்குக் காப்புரிமை கிடைச்சது. சில வருஷத்துல அந்தக் கம்பெனி கைமாறி, 'இன்விசிபிள் ஃபென்ஸ்'ங்கிற பேர்ல பெருசா வளர்ந்தது.

டெக்னாலஜி ரொம்ப எளிமை. வீட்டைச் சுத்தி சில அங்குல ஆழத்துல ஒரு ஒயர். வீட்டுக்குள்ள ஒரு டிரான்ஸ்மிட்டர் அந்த ஒயர் வழியா பலவீனமான ரேடியோ சிக்னல் அனுப்பும். நாயோட கழுத்துப் பட்டையில ஒரு ரிசீவர். எல்லைக்குப் பக்கத்துல போனா முதல்ல பீப் சத்தம். அதையும் மீறினா, கழுத்தைத் தொடுற ரெண்டு உலோக முனை வழியா ஷாக். ஷாக் ஒயர்ல இருந்து வரல, பட்டையில இருக்கிற பேட்டரியில இருந்து வருது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

ஆனா இதை வாங்கி மாட்டினா மட்டும் வேலி ஆகாது. பீப் கேட்டா எந்தப் பக்கம் போகணும்னு நாய்க்கு எப்படித் தெரியும்? பயந்து முன்னாடியே பாய்ஞ்சிடலாம். அதனால ரெண்டு வாரம் போல பயிற்சி. எல்லை நெடுக சின்னச் சின்னக் கொடி நடுவாங்க. நாயைக் கயித்துல புடிச்சுக் கொடிப் பக்கம் கூட்டிட்டுப் போவாங்க, பீப் வந்ததும் உள்பக்கம் திருப்பி, பிஸ்கட் கொடுப்பாங்க. தினமும் கொஞ்ச நேரம், திரும்பத் திரும்ப. நாய் தானா திரும்ப ஆரம்பிச்சதும் கொடிகளை ஒண்ணு விட்டு ஒண்ணா எடுத்துடுவாங்க.

இது ஏன் வேலை செய்யுதுன்னு பெக்குக்கு இருபது வருஷம் முன்னாடியே ஆய்வகத்துல பாத்துட்டாங்க. 1953-ல் ரிச்சர்ட் சாலமன் குழு, நடுவுல தடுப்பு இருக்கிற பெட்டியில நாய்களை விட்டது. சிக்னல் வந்து பத்து விநாடியில தாண்டலைன்னா ஷாக். நாய்கள் சீக்கிரமே கத்துக்கிட்டு, ஷாக் வர்றதுக்கு முன்னாடியே தாண்டின. அப்புறம் ஷாக்கை நிறுத்திட்டாங்க. நாய்கள் நிறுத்தல. 200 தடவை சிக்னல் கொடுத்தும் தாண்டிக்கிட்டே இருந்தன. தாண்டாம நின்னு பாத்தாத்தானே ஷாக் இல்லைன்னு தெரியும்? பயமே அந்தச் சோதனையைப் பண்ண விடல. நம்ம பாஷையில சொன்னா, எக்ஸ்பயரி இல்லாத கேஷ்.

இதுக்கு ஒரு இருண்ட பக்கமும் இருக்கு. 1967-ல் மார்ட்டின் செலிக்மேனும் ஸ்டீவன் மையரும், என்ன பண்ணாலும் தப்பிக்க முடியாத ஷாக்கை நாய்களுக்குக் கொடுத்தாங்க. பிறகு தப்பிக்க வழி இருக்கிற பெட்டியில விட்டப்பவும், பல நாய்கள் முயற்சி பண்ணாமப் படுத்துக்கிச்சு. எல்லை எங்கன்னு புரியாத நாய்க்கும் இதே ஆபத்துதான். அதுக்கு அது வேலி இல்ல, காரணம் தெரியாத வலி. அந்த வலியைக் காரணமா வெச்சுத்தான் 2010-ல் வேல்ஸ், நாய்க்கும் பூனைக்கும் ஷாக் கொடுக்கிற பட்டைகளைத் தடை செஞ்சது. ரோட்டுல சாகுறதை விட இது மேல்னு இன்னொரு பக்கம் வாதாடுது. சாகாம வீட்டுக்கு வர்ற நாயை வெச்சிருக்கிறவங்ககிட்ட அதை லேசா மறுத்துட முடியாது.

சாப்பிட்டு முடிச்சு அண்ணா, லட்டுவை வாக்கிங் கூட்டிட்டுப் போகலாம்னு பட்டையைக் கழட்டினார். "பட்டை இல்லாம தாண்டிட மாட்டானாண்ணா?"ன்னு கேட்டேன்.

"இதுல பேட்டரி தீர்ந்து ஆறு மாசம் ஆச்சு. மாத்தவே இல்ல. அவனுக்குத்தான் தெரியாது."

சாதாரணக் கயித்தை மாட்டி இழுத்தார். லட்டு வாலை ஆட்டிக்கிட்டே அந்த இடம் வரைக்கும் வந்தான். அங்க நாலு காலையும் ஊன்றி நின்னுட்டான். பிஸ்கட் காட்டினோம், வரல. "எப்பவும் இப்படித்தான், கார்ல ஏத்தித்தான் வெளிய கொண்டு போவோம்"னார் அண்ணா. குரல்ல முதல் தடவையா சிரிப்பு இல்ல.

முப்பது கிலோ இருப்பான். ரெண்டு பேருமா தூக்கினோம். எல்லையைத் தாண்டுறப்போ என் கையில அவன் உடம்பு மொத்தமா விறைச்சுது. இறக்கி விட்டதும் திரும்பிப் பாத்தான், ஒரு தடவை உதறிக்கிட்டான், அப்புறம் எங்களையும் இழுத்துக்கிட்டு ஓடினான்.