யார் இந்த ஹெட்விக் க்ளைன்? புகழ்பெற்ற அரபு அகராதிக்குப் பின்னால் ஒரு யூதப் பெண்ணின் கதை

அரபு மொழி படிக்கிறவர்களுக்கு 'ஹான்ஸ் வேர் அகராதி' தெரியாமல் இருக்காது. 1952-ல் ஜெர்மன் மொழியிலும், 1961-ல் ஆங்கிலத்திலும் வெளியான இது இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. ஆனா, இதற்கு உழைத்த ஹெட்விக் க்ளைன் என்ற யூத அறிஞரைப் பலருக்குத் தெரியாது.

யார் இவர்?

1911-ல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் பிறந்தவர். வளர்ந்தது ஜெர்மனியின் ஹாம்பர்க்கில். தந்தை முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகப் போரிட்டு உயிரிழந்தார். ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியவியலும், அரபு, ஹீப்ரு போன்றவை அடங்கிய செமிட்டிக் மொழிகளும் படித்தார் ஹெட்விக்.

பட்டம் ஏன் கிடைக்கவில்லை?

ஓமனின் தொடக்ககால இஸ்லாமிய வரலாற்றைச் சொல்லும் அரபுக் கையெழுத்துப் பிரதியின் ஒரு பகுதியைப் பதிப்பித்ததுதான் அவரது முனைவர் பட்ட ஆய்வு. யூதர் என்பதால் முதலில் தேர்வுக்கே அனுமதி இல்லை. போரில் இறந்தவரின் மகள் என்பதால் விதிவிலக்கு கிடைத்தது. 1937-ல் சிறப்பாகத் தேறினார். ஆனா, ஆய்வேட்டை அச்சிட 1938-ல் அனுமதி மறுக்கப்பட்டது. அச்சிடாமல் பட்டம் கிடையாது.

பம்பாய்க்குக் கிளம்பிய கப்பல்

புவியியலாளர் கார்ல் ராட்யன்ஸ் உதவியால் இந்தியா வர விசா கிடைத்தது. 1939 ஆகஸ்ட் 19 அன்று பம்பாய் நோக்கிக் கப்பல் ஏறினார். ஆண்ட்வெர்ப் வரை வந்தாச்சு. அதற்குள் போர் மூளும் சூழல். கப்பலுக்கு ஜெர்மனி திரும்ப உத்தரவு வந்தது. ஹெட்விக்கும் திரும்ப வேண்டியதாயிற்று.

ஒரு சீட்டுக்கு 10 பென்னிக்

ஹிட்லரின் 'மைன் காம்ப்' நூலை அரபில் மொழிபெயர்க்க நல்ல அகராதி தேவை என்று கருதிய நாஜி அரசு, ஹான்ஸ் வேரின் பணிக்கு ஆதரவளித்தது. பேராசிரியர் ஆர்தர் ஷாடே இதில் ஹெட்விக்குக்கு வேலை வாங்கிக் கொடுத்தார். நவீன அரபு நூல்களைப் படித்து, சொற்களையும் பொருளையும் சீட்டுகளில் எழுதி அனுப்ப வேண்டும். சீட்டுக்கு 10 பென்னிக், அதாவது சில்லறைக் காசு.

அந்த வேலைதான் அவரைக் கொஞ்ச காலம் காப்பாற்றியது. 1941 டிசம்பரில் ரிகாவுக்கு நாடு கடத்தும் பட்டியலில் அவர் பெயர் இருந்தபோது, அகராதிக்கு அவர் தேவை என்று ஷாடே வாதாடித் தடுத்தார். ஹெட்விக்கின் சகோதரி தப்பவில்லை. 1942 ஜூலை 11 அன்று ஹெட்விக்கும் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டு, அங்கே கொல்லப்பட்டார்.

பிறகு?

போருக்குப் பின் ராட்யன்ஸ் முயற்சியால் ஆய்வேடு அச்சானது. 1947-ல் முனைவர் பட்டமும் வந்தது. வாங்கத்தான் ஹெட்விக் இல்லை. 1952-ல் வெளியான அகராதியின் முன்னுரையில் அவர் பெயரைச் சொல்லி நன்றி கூறினார் ஹான்ஸ் வேர். அவருக்கு என்ன நேர்ந்தது என்பது பற்றி மட்டும் அதில் ஒரு வார்த்தைகூட இல்லை.