அளவளாவுதல்

‘அமைச்சர் மாணவர்களோடு அளவளாவினார்’ என்று செய்தித்தாளில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். கைகுலுக்கி, படம் எடுத்துக்கொண்டு, காரில் ஏறிப் போவதற்கு இவ்வளவு நல்ல சொல்லைச் செலவழிக்க வேண்டுமா?

வள்ளுவர் இதை வைத்த இடம் வேறு. திருக்குறளின் 53ஆம் அதிகாரமான சுற்றந்தழாலில், 523ஆம் குறளில் இது வருகிறது. சுற்றத்தாரோடு அளவளாவாதவன் வாழ்க்கை, கரையில்லாத குளத்தில் நீர் நிறைந்ததைப் போன்றது என்கிறார். செல்வம் வருகிறது, தங்குவதில்லை. குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் இந்தச் சொல்லுக்கு நெஞ்சு கலத்தல் என்று பொருள் கொண்டு, தன் அளவையும் அவர்கள் அளவையும் உசாவுவதால் அந்தக் கலப்பு வருகிறது என்று விளக்குகிறார். உசாவுதல் என்ற சொல்லை அவர் எடுத்தது அழகு. மழை உண்டா, மாடு கன்று போட்டதா, பெண்ணுக்கு வரன் அமைந்ததா என்று நிதானமாக ஒவ்வொன்றாகக் கேட்பதுதானே உசாவுதல்!

சொல்லின் பிற்பாதியான ‘அளாவு’ இன்னும் சுவையானது. 64ஆம் குறளில் குழந்தை தன் சின்னக் கையால் கூழை அளாவுகிறது. அந்தக் கூழ் பெற்றோருக்கு அமிழ்தத்தைவிட இனிக்கிறது. வானளாவிய கோபுரம் என்னும்போது எட்டித் தொடுதல். குளிக்கும் வெந்நீரில் தண்ணீர் ஊற்றி ‘விளாவுகிறோமே’, அதுவும் ஓசையிலும் பொருளிலும் இதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.

‘கதையளத்தல்’ இதிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது பாருங்கள். அங்கே ஒருவரே அளந்துகொண்டிருப்பார், மற்றவர் அகப்பட்டுக்கொண்டிருப்பார். அளவளாவுவதற்கு இருவராவது வேண்டும். ஈழத்திலோ பேசுவதே ‘கதைத்தல்’. விலைவாசியைப் பேசினாலும் அங்கே கதைதான்.

இரவுச் சாப்பாடு முடிந்து, பாய் விரித்த பிறகு தொடங்கும் பேச்சைக் கவனித்தவர்களுக்கு அளவளாவுதல் என்னவென்று விளங்கும். பாட்டி சொல்லும் கல்யாணக் கதை எல்லாரும் கேட்டதுதான். ஆனாலும் யாராவது ‘உம்’ கொட்டினால்தான் மேலே போவாள். கொட்டுவது நின்றால், “தூங்கிட்டியாடா?” என்பாள். நடுவில் சித்தப்பா புகுந்து, மாப்பிள்ளை வந்தது வில்வண்டியில் இல்லை, கூட்டுவண்டியில் என்று திருத்துவார். அந்த வண்டி யாருடையது என்று பேச்சு கிளைவிடும். வண்டிக்காரர் குடும்பம் வரும், அவர்கள் ஊரைவிட்டுப் போன பஞ்சம் வரும். கல்யாணக் கதை முடியாமலே எல்லாரும் தூங்கிப்போவார்கள். மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடங்குவதும் கிடையாது. முடிவு தெரிந்த கதையைக் கேட்க இத்தனை பேர் உட்கார்ந்திருப்பது முடிவுக்காக இல்லை. குறுக்கே பேசுகிறவர்கள் இல்லாவிட்டால் அந்தக் கதைக்கு உயிரே கிடையாது என்பது என் துணிபு.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, அன்றிரவே திரும்பப் பயணச்சீட்டு எடுக்காதீர்கள். ஓர் இரவாவது தங்குங்கள். தெரிந்த கதையையே அவர்கள் சொன்னாலும் ‘உம்’ கொட்டுங்கள்.