ரோமன் ஹாலிடே: ஒரு பினாமி எழுத்தாளரின் கதை

ஆட்ரி ஹெப்பர்னும் கிரிகரி பெக்கும் வெஸ்பா ஸ்கூட்டரில் ரோம் நகரத்தைக் கலக்கும் 'ரோமன் ஹாலிடே' (1953) படத்தைத் தெரியாத சினிமா ரசிகர்கள் குறைவு. 'மே மாதம்' (1994) பார்த்தவர்களுக்குக்கூட இதன் கதை பாதி தெரிந்திருக்கும். கட்டுப்பாடுகள் சலித்துப்போன இளவரசி ஒரு ராத்திரி தன் நாட்டுத் தூதரகத்தை விட்டு ஓடிவருகிறாள். அவள் யாரென்று தெரிந்தும் தெரியாதவன் போல ஒரு பத்திரிகை நிருபன் அவளோடு ஊர் சுற்றுகிறான். எல்லாம் ஒரு பரபரப்புச் செய்திக்காக!

2002-ல் இதன் டிவிடி அமெரிக்காவில் வெளியானது. பழைய வீடியோ கேசட்டில் பார்த்துப் பழகியவர்களுக்கு டைட்டிலிலேயே ஒரு வித்தியாசம் காத்திருந்தது. படம் பளிச்சென்று இருந்தது என்பதைச் சொல்லவில்லை. 'கதை' என்ற இடத்தில் டால்டன் டிரம்போ என்று இருந்தது. 1953-ல் அதே இடத்தில் இருந்த பெயர் இயான் மெக்லெலன் ஹன்டர்.

ஐம்பது வருடம் கழித்து ஒரு படத்தின் கதாசிரியர் எப்படி மாறுவார்?

1940-களில் ஹாலிவுட்டில் அதிகச் சம்பளம் வாங்கிய எழுத்தாளர்களில் டிரம்போ ஒருவர். கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினரும்கூட. 1947 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் விசாரணைக் குழு சினிமாக்காரர்களைக் கூப்பிட்டு, கட்சியில் இருக்கிறாயா, இருந்தாயா என்று கேட்டது. டிரம்போ உட்படப் பத்துப் பேர் பதில் சொல்ல மறுத்தார்கள். அடுத்த மாதமே ஸ்டூடியோ முதலாளிகள் நியூயார்க்கில் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் கூடி, இந்தப் பத்துப் பேருக்கும் வேலை கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். நாடாளுமன்ற அவமதிப்புக் குற்றத்துக்காக டிரம்போ 1950-ல் சிறைக்குப் போய்ப் பத்து மாதம் இருந்தார்.

வேலை இல்லை, ஆனால் குடும்பம் இருக்கிறதே. அதனால் பினாமி வழி. நம் ஊரில் நிலத்துக்கும் பணத்துக்கும் பினாமி உண்டு, அங்கே கதைக்கு. டிரம்போ எழுதிய ரோமன் ஹாலிடே கதையை நண்பர் ஹன்டர் தன் பெயரில் விற்று, பணத்தை டிரம்போவிடம் கொடுத்தார். முதலில் ஃபிராங்க் காப்ரா எடுப்பதாக இருந்த படம், பிறகு வில்லியம் வைலர் கைக்கு வந்தது. ஹன்டரும் ஜான் டைட்டனும் திரைக்கதையில் வேலை செய்தார்கள். 1952-ல் ரோமிலேயே முழுப் படப்பிடிப்பும் நடந்தது.

1954 மார்ச்சில் மூன்று ஆஸ்கர் கிடைத்தது. ஆட்ரிக்கு ஒன்று, உடை வடிவமைத்த ஈடித் ஹெட்டுக்கு ஒன்று, சிறந்த கதைக்கு ஒன்று. அந்த மூன்றாவது ஹன்டர் பெயரில்! பிறகு ஹன்டரும் கறுப்புப் பட்டியலில் சிக்கினார் என்பது தனிக்கதை.

இதெல்லாம் தெரிந்தபின் படத்தை மறுபடி பார்த்தால் அது வேறு படமாகத் தெரிகிறது. இளவரசி தன் பெயர் ஆன்யா ஸ்மித் என்கிறாள். நிருபன் தான் உரம், ரசாயனம் விற்பவன் என்கிறான். இரண்டு பேருமே பொய்ப் பெயரிலும் பொய் வேலையிலும்தான் சந்தோஷமாக இருக்கிறார்கள். பொய் சொன்னால் கையைக் கடிக்கும் என்று நம்பப்படும் கல் முகத்துக்கு முன்னால் இரண்டு பேருமே தயங்கி நிற்பார்கள். (பெக் கையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு அலற, ஆட்ரி நிஜமாகவே பயந்துபோன காட்சி இதுதான்.)

கடைசியில் நிருபன் என்ன செய்கிறான்? 5,000 டாலர் செய்தியை எழுதாமல் விடுகிறான். அவன் நண்பன் ரகசியமாக எடுத்த போட்டோக்களை உறையில் போட்டு இளவரசியிடமே கொடுத்துவிடுகிறான். கூட இருந்தவர்களைக் காட்டிக்கொடுத்தால்தான் பிழைக்கலாம் என்றிருந்த காலத்தில், காட்டிக்கொடுக்காத ஒருவனின் கதை! எந்தக் காட்சி யார் பேனாவிலிருந்து வந்தது என்று இன்று பிரித்துச் சொல்ல முடியாது. பல கை பட்ட திரைக்கதை அது. ஆனாலும் இது வெறும் தற்செயல் என்று நம்புவது கஷ்டம்.

1956-ல் வந்த 'தி பிரேவ் ஒன்' படத்துக்கு 'ராபர்ட் ரிச்' என்ற பெயரில் டிரம்போ எழுதிய கதையும் ஆஸ்கர் வாங்கியது. அந்த ரிச் யாரென்றே யாருக்கும் தெரியவில்லை :-) 1960-ல் 'ஸ்பார்டகஸ்', 'எக்ஸோடஸ்' படங்களில்தான் அவர் பெயர் மறுபடி வெளிப்படையாகத் திரையில் வந்தது. பிரேவ் ஒன் விருதை 1975-ல் அவரிடமே கொடுத்தார்கள். அடுத்த வருடம் இறந்துபோனார். ரோமன் ஹாலிடே ஆஸ்கர் 1993-ல் அவர் மனைவி கிளியோவிடம் தரப்பட்டது.

அதன்பிறகுதான் டிவிடி. அதிலும் கதைக்கு மட்டும்தான் டிரம்போ பெயர். திரைக்கதையிலும் அவருக்குப் பங்கு உண்டு என்று அமெரிக்க எழுத்தாளர் சங்கம் ஒப்புக்கொண்டது 2011 டிசம்பரில். 2002 டிவிடி வைத்திருப்பவர்கள் போட்டுப் பார்த்தால், திரைக்கதை என்ற இடத்தில் ஹன்டரும் டைட்டனும் மட்டுமே இருப்பார்கள்.