மின்மினி வெளிச்சத்தில் ஒரு மருத்துவ வரலாறு



செராஸ் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு யூகேஎம் மருத்துவமனையைத் தெரியாமல் இருக்காது. அங்கே புற்றுநோயாளி ஒருவரைப் பார்க்கப் போகிறோம். நம் மனத்தில் எழும் முதல் கேள்வி என்ன? "நோய் எதுவரை பரவியிருக்கிறது?" என்பதுதான். ஆராய்ச்சிக் கூடத்திலும் இதே கேள்விதான் பல காலம் விஞ்ஞானிகளை வாட்டியது.

அன்று அவர்களுக்குத் தெரிந்த வழி கொடியது. புற்றுநோய் உயிரணுக்களை எலிகளுக்குச் செலுத்துவார்கள். இந்த வாரம் சில எலிகள், அடுத்த வாரம் சில எலிகள் என்று கொன்று, அறுத்துப் பார்ப்பார்கள். இன்று பார்த்த எலி வேறு, நாளை பார்க்கும் எலி வேறு. ஒரே உயிருக்குள் நோய் நடந்துபோகும் பாதையைப் பின்தொடர முடியவில்லை.

அந்தப் பாதைக்கு வெளிச்சம் காட்டியது யார் தெரியுமா? மின்மினிப் பூச்சி! கோலசிலாங்கூர், கம்போங் குவந்தானில் படகேறி, ஆற்றோர பெரெம்பாங் மரங்கள் மினுமினுப்பதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். சுடாத அந்த ஒளி எங்கிருந்து வருகிறது?

1880களில் பிரெஞ்சு அறிஞர் ரஃபேல் துபுவா, ஒளிரும் வண்டையும் கடல் சிப்பியையும் வைத்து இதை ஆராய்ந்தார். ஒளிக்கு இரண்டு பொருள்கள் வேண்டும் என்று கண்டார். லூசிஃபெரின் என்பது எரிபொருள் போன்றது. லூசிஃபெரேஸ் என்பது அதை ஒளிர வைக்கும் நொதி.

அடுத்த திருப்பம் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில். பேராசிரியர் வில்லியம் மெக்எல்ராய், நூறு மின்மினிக்கு 25 சென்ட் என்று சிறுவர்களுக்குக் காசு கொடுத்துப் பூச்சிகளைப் பிடித்துவரச் செய்தார். மின்மினி ஒளிர ஏடிபி என்ற சக்திப் பொருளும் தேவை என்று 1947இல் அறிவித்தார். இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஏடிபி உயிருள்ள அணுக்களில் ஓயாமல் உற்பத்தியாகிறது. அணு செத்தால் அது தீர்ந்துபோகும், விளக்கும் அணைந்துவிடும்!

1985இல் கலிபோர்னியா ஆய்வாளர்கள் மின்மினியின் லூசிஃபெரேஸ் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். மறு ஆண்டே அதைப் புகையிலைச் செடியில் சேர்த்து, செடியையே ஒளிர வைத்தார்கள். 1995இல் ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோபர் கோன்டாக் குழுவினர், ஒளிரும் பாக்டீரியாவின் மரபணுக்களைச் சால்மொனெல்லா கிருமியில் ஏற்றி, உயிருள்ள எலிக்குள் அக்கிருமி பரவுவதை வெளியிலிருந்தே படம் பிடித்தார்கள். பின்னர் மின்மினி மரபணு புற்றுநோய் அணுக்களுக்கும் போனது.

செய்முறை இதுதான். மரபணு ஏற்றிய அணுக்கள் எலிக்குள் இருக்கும். லூசிஃபெரினை ஊசி வழியாகச் செலுத்துவார்கள். மயக்கத்தில் இருக்கும் எலியை இருட்டுப் பெட்டியில் வைப்பார்கள். நம் கண்ணுக்குத் தெரியாத மங்கிய ஒளியையும் குளிரூட்டப்பட்ட கேமரா பதிவு செய்யும். அடுத்த வாரமும் அதே எலிதான். அது சாக வேண்டியதில்லை.

இந்த வரலாற்றில் ஒரு தமிழ்ப் பெயரும் உண்டு. 2002இல் ராமசாமி பால்முருகன், சஞ்சீவ் சாம் காம்பீரின் ஆய்வுக் குழுவில், லூசிஃபெரேஸை இரண்டு துண்டாக்கி இரு வேறு புரதங்களோடு இணைத்தார். அந்தப் புரதங்கள் சந்தித்தால்தான் ஒளி வரும். உயிருள்ள எலிக்குள் இரண்டு புரதங்கள் கைகோர்ப்பதையே அப்படிக் காட்டினார்கள்.

அப்படியென்றால் நம் மருத்துவமனையிலும் நோயாளியை இருட்டறையில் படுக்கவைத்துப் பார்த்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். முடியாது. இரத்தமும் சதையும் இந்த ஒளியை விழுங்கிவிடும். சின்ன எலியின் உடலைத் தாண்டும் வெளிச்சம், மனித உடலின் ஆழத்திலிருந்து வெளியே வராது. அதோடு, நம் உடலில் உள்ள புற்றுநோய் அணுவில் மின்மினி மரபணுவும் இல்லை.

நேயர்களே, இதை மனத்தில் வையுங்கள். "எலிக்குக் கொடுத்தோம், கட்டி மறைந்தது" என்று ஒளிப்படத்தைக் காட்டி, உங்கள் வீட்டு நோயாளிக்கு யாராவது மருந்து விற்க வரலாம். அந்தப் படம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது எலியின் கதை. "மனிதர்களிடம் முறையாகச் சோதித்தீர்களா?" என்று கேளுங்கள். சிகிச்சை தரும் மருத்துவரிடம் காட்டாமல் பணத்தை எடுக்காதீர்கள்.

மின்மினி வழி காட்டும். நடக்க வேண்டிய தூரம் இன்னும் இருக்கிறது.