பிச்சாவரத்தில் வெட்டிய வாய்க்கால்கள்



டிசம்பர் பிறப்பதற்கு முன்பே நம் நகரியத்தின் வட்டங்கள் தோறும் நட்சத்திரங்கள் ஏறிவிட்டன. மூங்கில் சிம்புகளை வளைத்துக் கட்டி, வண்ணத்தாள் ஒட்டி, உள்ளே ஒரு விளக்கைத் தொங்கவிட்ட நட்சத்திரங்களை நம்மில் மூத்தோர் அறிவர். மறு ஆண்டு தாள் மட்டுமே மாறும். கூடு பரண்மேல் காத்திருக்கும். இப்போது தொங்குபவை பெரும்பாலும் பிளாஸ்டிக்கால் ஆனவை. ஜனவரியில் அவை குப்பையோடு போகின்றன; அடுத்த டிசம்பரில் வேறு வாங்குகிறோம்.

சென்ற வாரம் சபைக் கமிட்டி கூடியபோது ஓர் இளைஞர் எழுந்து, பண்டிகைக்குக் குடும்பந்தோறும் பரிசுப்பொருள் வாங்க ஒதுக்கும் தொகையில் பாதியையேனும் கடற்கரையைக் காக்கும் பணிக்கு அனுப்பலாகாதா என்று கேட்டார். அப்போது பெரியவர் ஒருவர், “ஐயா, கடலுக்கும் நமக்கும் என்ன? நாம் நிலக்கரி வெட்டுகிற ஊர்க்காரர்கள்” என்றார். அவர் சினந்து பேசவில்லை. முப்பது ஆண்டுகள் சுரங்கத்தில் உழைத்தவர், உள்ளதைச் சொன்னார். அன்று நான் விடை கூறவில்லை. விடை சற்று நீளமானது. ஆகவே இந்த வாரத் தியானத்தில் எழுதுகிறேன். இதில் பெரும்பகுதி வரலாறு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரியவரின் சுரங்கத்திலிருந்தே தொடங்குவோம். 1956 நவம்பரில் நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே மாதத்தில் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். நிலக்கரியை எடுப்பதைவிட நீரை வெல்வதே அன்று பெரும்பாடாக இருந்தது என்று முதல் தலைமுறைத் தொழிலாளர் சொல்லக் கேட்டிருக்கிறோம். பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவும் பகலும் இறைத்தாலன்றி அங்கே இயந்திரம் இறங்க இயலாது. இறைத்த நீர் வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் செல்கிறது. பரவனாறு அவ்வழியே ஓடி, உப்பனாற்றோடு கூடி, கடலூர் முதுநகர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் நம் தெருவோர வாய்க்காலில் இறங்கும் பிளாஸ்டிக் பைக்கும் கடல் எட்டாத தொலைவன்று.

அந்த முகத்துவாரத்துக்குத் தெற்கே, சிதம்பரத்தை அடுத்து, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் பிச்சாவரம் இருக்கிறது. நம் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் விடுமுறையில் படகேறச் செல்லும் இடம். 1975இல் வெளிவந்த ‘இதயக்கனி’யால் நாடெங்கும் அறிமுகமான இடம். சுரபுன்னையும் வெண்கண்டலும் தில்லையும் உப்புநீரில் நிற்கும் காடு அது. சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பழம்பெயரைத் தந்தது அந்தத் தில்லை மரமே. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கு ஊறு என்பதால் படகோட்டிகள் இன்றும் அதைத் தொடவிடுவதில்லை.

இக்காட்டின் கதையில் நான் பல நாள் சிந்தித்த பகுதி ஒன்று உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில் வனத்துறை இக்காட்டைக் கூறுகளாகப் பிரித்தது. ஒரு கூற்றை அடியோடு வெட்டி விற்பது. அது மீண்டும் வளர்வதற்குள் அடுத்த கூற்றை வெட்டுவது. ஒரு சுற்று முடிந்து திரும்பும்போது முதற்கூறு முன்போல நிற்கும் என்பது கணக்கு. யாரும் திருடவில்லை. எல்லாம் ஏட்டில் எழுதி, முறைப்படி, உரிமத்தோடு நடந்தது. விடுதலைக்குப் பின்னும் 1970கள் வரை இம்முறை நீடித்தது.

ஆனால் வெட்டிய கூறுகளில் பல மீண்டும் வளரவில்லை. நிழல் நீங்கியதும் சேற்றுமண்மேல் வெயில் நேரே விழுந்தது. மண்ணின் ஈரம் ஆவியாயிற்று, மண் அமிழ்ந்தது. அங்கே தட்டுப்போன்ற பள்ளம் உண்டாயிற்று. ஏற்றத்தில் வந்த கடல்நீர் பள்ளத்தில் நுழைந்தது; வற்றத்தில் வெளியேற வழியில்லாமல் தேங்கியது. தேங்கிய நீர் வெயிலில் வற்ற வற்ற உப்பு மிகுந்தது. உப்புநீரில் வாழப் படைக்கப்பட்ட மரமும் அவ்வளவு உப்பைத் தாங்கவில்லை. பள்ளத்தில் தேங்கும் நீர் என்ன செய்யும் என்பதை நெய்வேலியில் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

காடு ஏன் அழிகிறது என்ற கேள்வி எழுந்தபோது, நீண்டகாலமாகக் குற்றம் சுற்றுவட்டாரத்து எளியோர்மேல் சுமத்தப்பட்டது. விறகு பொறுக்குகிறார்கள், மாடு மேய்க்கிறார்கள் என்றார்கள். அவர்களுள் வேர்களினூடே கைகளால் துழாவி இறால் பிடித்துப் பிழைக்கும் இருளர் மக்களும் இருந்தனர். 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் மண்ணையும் நீரையும் ஆராய்ந்து, சீரழிவின் முதற்காரணம் அந்த ஒழுங்கான வெட்டுமுறையே என்று காட்டினர். ஏழையின் விறகுக்கட்டு எல்லார் கண்ணிலும் பட்டது. அலுவலகத்து ஏடு யார் கண்ணிலும் படவில்லை.

அந்நிறுவனம் பிறந்த விதமும் இப்பருவத்தில் நினைக்கத் தக்கது. 1987இல் உலக உணவுப் பரிசு முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர் கும்பகோணத்தில் பிறந்த சுவாமிநாதன். பரிசுத்தொகையைத் தம் வீட்டுக்கு எடுத்துச் செல்லாமல், அதைக் கொண்டு 1988இல் நிறுவனத்தைத் தொடங்கினார்.

பிச்சாவரத்தில் அவர்கள் வனத்துறையோடும் ஊர்மக்களோடும் சேர்ந்து செய்த வேலையைக் கேட்டால், இவ்வளவுதானா என்று தோன்றும். வாய்க்கால் வெட்டினார்கள். இயற்கையான உப்பாற்றிலிருந்து பள்ளத்துக்குள் ஒரு தாய்வாய்க்கால். அதன் இருபுறமும் மீன்முள்ளைப்போலச் சாய்வாகக் கிளைவாய்க்கால்கள். இனி ஏற்றத்தில் வந்த நீர் வற்றத்தில் வெளியேறிற்று. நாளுக்கு இருமுறை கடலே வந்து உப்பைக் கழுவிக்கொண்டு போயிற்று. உப்பு தணிந்த கரைகளில் வெண்கண்டல் நட்டார்கள். வாய்க்காலில் வண்டல் படியும். மீண்டும் மீண்டும் தூர்வார வேண்டும். அதற்கெனக் கிராமங்களில் குழுக்கள் அமைந்தன. முன்பு குற்றஞ்சாட்டப்பட்ட கைகளே அக்காட்டை மீட்டன. 1986க்கும் 2002க்கும் இடையில் பிச்சாவரத்தின் மரப்பரப்பு ஏறத்தாழ 90 சதவீதம் பெருகியதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின.

அதன்பின் இரண்டே ஆண்டுகள்.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. நானும் அன்று ஆலயத்தில் இருந்தேன். அப்போது நான் போதகன் அல்லன், பின்வரிசையில் அமர்ந்த இளைஞன். முந்தின நாளின் புத்தாடையை மறுபடியும் உடுத்தியிருந்தோம். ஆராதனை முடியுமுன்னே வாசலில் சலசலப்பு. கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்றார்கள். எவருக்கும் பொருள் விளங்கவில்லை. தேவனாம்பட்டினம் என்ற பெயர் அடிபட்டபின்தான் சிலர் அழத் தொடங்கினர். கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் அந்தக் காலையில் மாண்டனர்.

மறுநாள் நம் வட்டங்களில் துணி சேகரித்தோம். வீட்டுக்கு வீடு பீரோவைத் திறந்து அள்ளிக் கொடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் வண்டி நிறைந்தது. கடற்கரைக்குப் போனபோது எங்களுக்கு முன்னே எத்தனையோ வண்டிகள் வந்து போயிருந்தன. சாலையின் இருமருங்கிலும் பழந்துணி குவியல் குவியலாகக் கிடந்தது. நாகப்பட்டினம் வரைக்கும் இப்படித்தான் என்று செய்தித்தாள்கள் எழுதின. எல்லாம் இழந்த நிலையிலும் பிறர் உடுத்திக் களைந்ததை உடுத்த மீனவர்கள் மறுத்தனர். மூதாட்டி ஒருத்தி எங்கள் மூட்டையைப் பார்த்துவிட்டு, “தம்பி, எங்களுக்கு வலை வேணும், இதை வெச்சு என்ன செய்ய?” என்றாள். நாங்கள் தலைகுனிந்தோம். நம் பீரோக்களில் அவ்வளவு துணி இருந்தது என்பதையே அன்றுதான் நான் முதன்முறையாகக் கண்டேன். கொடுத்தவர்களில் எவருக்கும் அது குறைவாகத் தெரியவில்லை. அடுத்த டிசம்பரில் எல்லாரும் மீண்டும் புத்தாடை எடுத்தோம்.

அந்தக் காலையில் பிச்சாவரத்தில் என்ன நடந்தது? 2005 அக்டோபரில் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த ஆய்வு நம் மாவட்டக் கரையைப் பற்றியதே. காட்டுக்கு முன்னே திறந்த மணலில் இருந்த குடியிருப்புகள் முற்றிலும் அழிந்தன. காட்டின் பின்னே இருந்த கிராமங்கள் அழிவின்றித் தப்பின என்று அது பதிவு செய்தது. வேறு அறிஞர் சிலர், இவ்வட்டாரத்தில் உயிர்கள் தப்பியதற்கு மரங்களைவிட நிலத்தின் உயரமும் கடலிலிருந்து உள்ள தொலைவுமே காரணம் என்று பின்னர் வாதிட்டனர். அதையும் சொல்லிவிட வேண்டும். பிரசங்க மேடையில் மரத்தை அற்புதமாக்கிவிடுவது எளிது. அவ்வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் அறிவியலாளன் அல்லன். ஆயினும் மரங்கள் வேகத்தைத் தணித்ததைக் காட்டின் பின்னே வாழ்ந்த மக்களே தங்கள் கண்ணால் கண்டு கூறினர். இறாலும் நண்டும் மீன்குஞ்சும் அவ்வேர்களின் நிழலில் வளர்கின்றன என்பதிலோ எவருக்கும் ஐயமில்லை.

வெண்கண்டலின் வேர்கள் மண்ணுக்கு மேலே விரல்களைப்போல நீட்டி நிற்கும். சேற்றில் காற்றில்லாததால் அவ்வேர்களால்தான் மரம் மூச்சுவிடுகிறது. ஆற்றோடும் அலையோடும் வரும் பிளாஸ்டிக் பை இவ்வேர்களில் சிக்கிச் சுற்றிக்கொண்டால் பிறகு அகலாது, மூச்சு அடைபடுகிறது. அன்று கோடரி செய்ததை இன்று பை செய்கிறது. கண்ணுக்குத் தெரியாதவையும் உண்டு. பண்டிகைக்கு எடுக்கும் பாலியெஸ்டர் துணி ஒவ்வொரு துவைப்பிலும் நுண்ணிழைகளை உதிர்க்கிறது. கடலில் சேரும் முதல்நிலை நுண்நெகிழியில் ஏறத்தாழ 35 சதவீதம் இவ்வாறு துணி துவைப்பதால் வருவது என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2017இல் மதிப்பிட்டது. வாழ்த்து அட்டையில் மின்னும் ஜிகினாத்தூளும் பெரும்பாலும் பிளாஸ்டிக்கே. அத்தகைய தூளைத் தனியே விற்பதை 2023 அக்டோபர் முதல் ஐரோப்பிய ஒன்றியம் தடுத்துவிட்டது. நம் மாநிலத்திலும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் 2021இல் தொடங்கியதோ பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு, டிசம்பர் 23 அன்று. ஆயினும் நம் ஆலய வளாகத்தில் சென்ற ஆண்டுக் கீதபவனி முடிந்த இரவில் நான் கூட்டி அள்ளிய கோணிகள் மூன்று. எவரையும் குறைகூற எழுதவில்லை. அவற்றில் ஒன்று போதகர் இல்லத்துக் குப்பை.

வனாந்தரத்தில் மன்னா பொழிந்த வரலாற்றை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அன்றன்றைக்கு வேண்டியதைச் சேர்த்தவனுக்குக் குறைவில்லை. நாளைக்கென்று வைத்ததில் புழு உண்டாயிற்று. நான் இதைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். பழந்துணிக் குவியலின் நடுவே நின்றபோது அது எனக்குப் புரிந்த அளவு பிரசங்கபீடத்தில் புரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பெரியவருக்கு இப்போது என் விடை: ஐயா, நம் நீர் கடலுக்குப் போகிறது, நம் பையும் அதோடு போகிறது, அங்கே நம்மிலும் எளியோர் மண்வெட்டியோடு நிற்கிறார்கள். புத்தாடை கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆண்டுக்கொரு முறை புதுச்சட்டை காணும் பிள்ளைகள் இன்றும் நம் சபையில் உண்டு. அவர்களுடையதில் ஒரு நூலும் குறையலாகாது. நான் கேட்பது ஏற்கெனவே பீரோ நிறைந்த வீடுகளை, என் வீட்டையும் சேர்த்து. வாங்குவதில் ஒன்றைக் குறைத்து, அத்தொகையை ஆலய அலுவலகத்தில் தனி உறையில் கொடுக்கலாம். அது கண்டல் நடவுக்கும் வாய்க்கால் தூர்வாரவும் போகும். கமிட்டி வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் கூடுகிறது. அதற்குள் பெரியவரை அவர் வீட்டில் சந்திக்கவும் எண்ணியிருக்கிறேன். அவர் ஒப்பாமல் இத்தீர்மானத்தை நிறைவேற்ற எனக்கு மனமில்லை.

டிசம்பர் 26 அன்று, சுனாமியில் மரித்தோரை நினைவுகூர, நம் சபையார் பிச்சாவரம் செல்கிறோம். பேருந்து காலை 6 மணிக்கு ஆலய வாசலிலிருந்து புறப்பட்டு, வடலூர், சேத்தியாத்தோப்பு, புவனகிரி, சிதம்பரம், கிள்ளை வழியாகப் போகும். மதிய உணவை எவர்சில்வர் டப்பாவில் எடுத்து வாருங்கள். கரையில் பொறுக்கியதைக் கொண்டுவரப் பத்துக் கோணிகள் நான் எடுத்து வைத்திருக்கிறேன்.