ஒஹலா: ஒரு சொல்லின் வரலாறு



மலாய் நண்பர் ஒருவரிடம் "நாளை வருவீர்களா?" என்று கேட்டால், "இன்ஷா அல்லாஹ்" என்பார். இறைவன் நாடினால் என்பது பொருள். ஸ்பெயின் தேசத்து உழவரோ வானத்தைப் பார்த்து, "ஒஹலா, நாளை மழை பெய்யட்டும்!" என்பார். அவர் தேவாலயத்துக்குப் போகும் கிறிஸ்தவர். ஆயினும் அந்த 'ஒஹலா', 'அல்லாஹ் நாடினால்' என்னும் அரபுத் தொடர் தேய்ந்து வந்த வடிவமேயாகும். இன்று அதில் ஏக்கம் மட்டுமே எஞ்சியிருக்கிறது. "பையன் தேறிவிடுவானா?" என்று கேட்டால், "ஒஹலா!" என்ற ஒற்றைச் சொல்லே பதிலாகும்.

கி.பி. 711இல் வட ஆப்பிரிக்காவிலிருந்து முஸ்லிம் படை கடல் கடந்து ஸ்பெயினில் இறங்கியது. 1492இல் கிரானடா வீழும்வரை, சுமார் 780 ஆண்டுகள், அந்நாட்டின் ஏதேனும் ஒரு பகுதியில் முஸ்லிம் ஆட்சி இருந்து வந்தது. வாய்க்கால் வெட்டினார்கள், கரும்பும் நெல்லும் பயிரிட்டார்கள். பொருளோடு பெயரும் நிலைத்தது. சர்க்கரை அங்கே 'அசூக்கார்'. அது அரபு 'சுக்கர்' வழி வந்தது. அதற்கும் முந்திய மூலம் வடமொழிச் 'சர்க்கரா'. ஆகவே நம் சர்க்கரைக்கு அது தூரத்து உறவு! பெயர் சொல்லாமல் 'இன்னார்' என்பதற்கு ஸ்பானியர் 'ஃபுலானோ' என்பர். மலாய்க்காரர் 'சி போலான்' என்பர். இரண்டுக்கும் தாய் அரபுச் சொல் ஒன்றே. இதைச் சொன்னபோது என் ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் நம்பவே இல்லை.

விடைபெறும்போது 'அஸ்தா மஞானா' என்பார்கள். 'நாளை வரை' என்பது நேர்ப்பொருள். நாம் 'போய் வருகிறேன்' என்பதைப் போல, மீண்டும் காண்போம் என்ற குறிப்பு அதில் உண்டு. 'மஞானா' லத்தீன் வழிச் சொல். 'அஸ்தா' என்பதோ அரபு 'ஹத்தா'.

கிரானடா வீழ்ந்தபின், அங்கிருந்த முஸ்லிம்கள் மதம் மாற்றப்பட்டனர். அவர்களை மொரிஸ்கோக்கள் என்றனர். 1567இல் இரண்டாம் பிலிப் மன்னரின் ஆணை வந்தது: மூன்றாண்டுக்குள் அரபு பேசுவதையும் எழுதுவதையும் விட்டுவிட வேண்டும், வீட்டுக்குள்ளும் கூடாது! பிரான்சிஸ்கோ நூனெஸ் மூலேய் என்ற மொரிஸ்கோ முதியவர் விண்ணப்பம் எழுதினார். மால்ட்டாத் தீவின் கிறிஸ்தவர்கள் அரபு பேசவில்லையா, மொழி வேறு, மதம் வேறல்லவா என்று வாதாடினார். எவ்வளவு நியாயமான கேள்வி! எவரும் செவிசாய்க்கவில்லை. 1568இல் மலைநாட்டில் கலகம் மூண்டது, 1571இல் அடக்கப்பட்டது. 1609 முதல் 1614 வரை சுமார் மூன்று இலட்சம் மொரிஸ்கோக்கள் கப்பலேற்றப்பட்டும் எல்லை கடத்தப்பட்டும் வெளியேற்றப்பட்டனர்.

ஊர்களில் அரசாணைகளை நிறைவேற்றும் அதிகாரிக்கு அன்று 'அல்கால்தே' என்று பெயர். அரபு மொழியில் நீதிபதியைக் குறிக்கும் 'அல்காதி' என்ற சொல்லே அது. இங்கே நாம் 'காடி' என்கிறோமே, அதே சொல்தான். ஸ்பெயினில் நகர மேயருக்கு இன்றும் அல்கால்தே என்றே பெயர்.