ஹிஜ்ரி 654: நிலநடுக்கத்தை எண்ணிய மதீனா

ஹிஜாஸ் பூமியிலிருந்து ஒரு நெருப்பு வெளிப்படும் என்றும், ஷாம் நாட்டு புஸ்ராவில் நிற்கும் ஒட்டகங்களின் கழுத்துகளில் அதன் ஒளி படும் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முன்னறிவித்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. அந்த நெருப்பு தம் காலத்திலேயே, ஹிஜ்ரி 654ஆம் ஆண்டில் மதீனாவின் கிழக்கே வெளிப்பட்டுவிட்டது என்று இமாம் நவவீ (ரஹ்) முஸ்லிமின் விரிவுரையில் எழுதினார். நம் மிம்பர்களில் இச்செய்தி பலமுறை சொல்லப்பட்டிருக்கிறது. நெருப்பு தோன்றியதும் முன்னறிவிப்பு மெய்யானதும் நாம் அறிந்தவையே. நெருப்புக்கு முந்திய நாட்களைப் பற்றி நாம் அதிகம் கேட்டதில்லை. அந்த நாட்களில் மதீனாவாசிகள் செய்த ஒரு காரியம் வரலாற்றில் தனியிடம் பெறத் தக்கது என்பதால், அதனை இங்கே சற்று விரிவாக நோக்குவோம்.

மதீனா முனவ்வரா இரு கரும்பாறை வெளிகளுக்கு இடையே அமைந்த நகரம். அரபுகள் இவ்வெளிகளை 'ஹர்ரா' என்றும் 'லாபா' என்றும் அழைத்தனர். இரு லாபாக்களுக்கு இடைப்பட்ட நிலத்தை நபி (ஸல்) அவர்கள் புனித எல்லையாக அறிவித்ததை நாம் அறிவோம். ஹிஜ்ரி 63இல் மதீனாவாசிகளின் குருதி சிந்திய ஹர்ரா போர் நடந்ததும் கிழக்குப் பாறைவெளியில்தான். இக்கருங்கற்கள் என்றோ எரிமலைக் குழம்பாக ஓடி உறைந்தவை. ஆயினும் ஏழாம் நூற்றாண்டு மதீனாவாசிக்கு ஹர்ரா என்பது ஆடு மேய்க்கவும் வழிபோகவும் கடினமான கல்நிலம், அவ்வளவே. அது மீண்டும் உருகும் என்று எவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

ஜுமாதல் ஆகிர் மாதத்தின் முதல் நாள் திங்கட்கிழமை, இலேசான அதிர்வுகள் தொடங்கின. புதன் இரவின் கடைசி மூன்றிலொரு பகுதியில், அதாவது நம் கணக்கில் செவ்வாய் கழிந்து புதன் விடிவதற்கு முன்னர், பெரும் முழக்கத்துடன் பூமி குலுங்கியது. கி.பி. 1256, ஜூன் 28. அப்போது மதீனாவின் காழியாக இருந்தவர் ஷம்சுத்தீன் ஸினான் இப்னு அப்துல் வஹ்ஹாப் அல்ஹுஸைனீ. ஷாம் தேசத்திற்கு அவர் எழுதிய மடல் நமக்குக் கிடைத்திருக்கிறது. அந்த இரவு முதல் ஒவ்வொரு பகலும் இரவும் சேர்ந்து ஏறக்குறைய பத்து முறை பூமி நடுங்கியதாக அவர் எழுதுகிறார். அவற்றுள் ஒரு நடுக்கத்தின்போது அவரும் பிறரும் நபி (ஸல்) அவர்களின் ஹுஜ்ராவைச் சுற்றி நின்றிருந்தனர். மிம்பர் ஆடியது, அதில் பொருத்தப்பட்டிருந்த இரும்பின் ஓசை காதில் விழுந்தது, ஹரமின் விளக்குகள் ஊசலாடின. வெள்ளிக்கிழமை முற்பகல் வரை இது நீடித்தது. பிறகு நெருப்பு வெளிப்பட்டது.

பத்து முறை என்ற இந்தச் சொல்லில்தான் நாம் நிற்க விரும்புகிறோம். காழி ஸினான் நிலவியல் கற்றவர் அல்லர். அப்படியொரு துறையே அன்று இல்லை. பிறர் வழக்கைக் கேட்டுத் தீர்ப்பளிப்பது அவர் தொழில். மரணம் நெருங்கிவிட்டதென்று நம்பிய ஒரு மனிதர், நடுக்கங்களை எண்ணினார். எது ஆடியது, எதில் ஓசை எழுந்தது என்று கவனித்தார். எந்த வேளையில் தொடங்கி எந்த வேளையில் நின்றது என்று குறித்தார். சாட்சியம் கேட்டே பழகிய மனம் சாட்சியம் சொல்லும் முறையையும் அறிந்திருந்தது போலும்.

அந்த மனம் அச்சமற்றதாக இருந்தது என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். காழி நகரத்து அமீரிடம் நேரே சென்று, வேதனை நம்மைச் சூழ்ந்துவிட்டது, அல்லாஹ்வின்பால் திரும்புங்கள் என்று எச்சரித்தார். அமீர் இஸ்ஸுத்தீன் முனீஃப் இப்னு ஷீஹா தம் அடிமைகள் அனைவரையும் விடுதலை செய்தார். மக்களிடமிருந்து எடுத்தவற்றைத் திருப்பிக் கொடுத்தார். கோட்டையிலிருந்து இறங்கி மஸ்ஜிதுந் நபவீக்கு வந்தார். சனி இரவு பெண்களும் குழந்தைகளுமாக ஊரே ரவ்ளாவின் அருகில் விழித்திருந்தது. தவ்பா செய்த இதே கூட்டத்தினர்தாம் மேட்டில் ஏறிச் சென்று நெருப்பின் போக்கைப் பார்த்தும் வந்தனர். அழுகையும் எண்ணிக்கையும் ஒரே மடலில் அடுத்தடுத்த வரிகளில் உள்ளன. ஒன்றுக்காக மற்றொன்றை விட வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

இம்மடல்கள் ஷஃபான் மாதத் தொடக்கத்தில் திமிஷ்க் நகரை அடைந்தன. அங்கே அவற்றைப் பெற்றுப் படியெடுத்தவர் வரலாற்றாசிரியர் அபூ ஷாமா (ரஹ், இறப்பு ஹிஜ்ரி 665). அவர் செய்த தொண்டு சிறியதன்று. பல மடல்களையும் கலந்து ஒரே கதையாக்கித் தந்திருக்கலாம். படிக்க இனிமையாகவும் இருந்திருக்கும். அவரோ ஒவ்வொரு மடலையும் தனித்தனியே வைத்தார். ஒருவர் நெருப்பின் உயரத்தை மினாராக்களைக் கொண்டு மதிப்பிடுகிறார்: மூன்று மினாராக்களுக்கும் மேல். மற்றொருவர் ஓடிய குழம்பை அளக்கிறார்: நீளம் நான்கு ஃபர்ஸக், அகலம் நான்கு மைல், ஆழம் ஒன்றரை ஆள் உயரம். பாறை உருகி ஈயம்போல் ஆகிறது, பின்னர் கரிபோல் கறுத்து உறைகிறது என்று ஒருவர் வர்ணிக்கிறார். ஓடை அடைபட்டதையும், இராக் நாட்டு ஹாஜிகளின் பாதை மறிக்கப்பட்டதையும் மடல்கள் குறிப்பிடுகின்றன. அறிவிப்பாளர் வேறுபட்டால் அறிவிப்பையும் வேறாகவே பதிவு செய்யும் ஹதீஸ் கலையின் பயிற்சி இங்கே வரலாற்றுக்குக் கைகொடுத்திருக்கிறது என்பது நம் கருத்து. பின்னாளில் இப்னு கஸீரும் (ரஹ்), மதீனாவின் வரலாற்றை எழுதிய ஸம்ஹூதீயும் (ரஹ்) இந்நிகழ்வை விரிவாகப் பதிவுசெய்தனர். மக்காவில் இருந்த குத்புத்தீன் அல்கஸ்தல்லானீ இந்நெருப்பைப் பற்றித் தனி நூலே இயற்றினார்.

நான்கு ஃபர்ஸக் என்பது இன்றைய அளவில் ஏறத்தாழ 22 முதல் 24 கிலோமீட்டர். 1980களில் நிலவியலாளர்கள் அந்தக் குழம்புப் பரப்பை ஆராய்ந்தபோது அதன் நீளம் 23 கிலோமீட்டர் எனக் கண்டனர். இரண்டே கால் கிலோமீட்டர் நீளப் பிளவு ஒன்றின்மீது ஆறு கூம்புகள் எழுந்திருந்தன. வெடிப்பு 52 நாட்கள் நீடித்து ரஜப் 27இல் அடங்கியது. குழம்பு நகருக்கு எட்டுக் கிலோமீட்டர் அளவுக்கு நெருங்கி நின்றுவிட்டது. கையில் அளவுகோல் இல்லாமல், அச்சத்துடன் தூரத்திலிருந்து பார்த்த ஒரு மதீனாவாசியின் மதிப்பீடு எழுநூறு ஆண்டுகளுக்குப் பின் அளவைக் கருவியுடன் ஒத்துப்போனதை என்னவென்பது!

எல்லாக் குறிப்புகளும் இப்படிப் பொருந்திவிடுவதில்லை. அமீரின் விடுதலை பெற்ற அடிமை ஸன்ஜர் சொன்னதாக வரலாற்றாசிரியர் மதரீ (இறப்பு ஹிஜ்ரி 741) ஒரு நிகழ்ச்சியைப் பதிந்துள்ளார். நெருப்பை எவராலும் நெருங்க முடியுமா என்று பார்த்து வருமாறு அமீர் அவரை அனுப்பினார். ஸன்ஜர் குதிரையிலிருந்து இறங்கி, பாறையைத் தின்றுகொண்டிருந்த நெருப்பின் ஓரம்வரை சென்று, தூணியிலிருந்து ஓர் அம்பை எடுத்து நீட்டினார். இரும்பு முனை உருகியது, மரத்தண்டு எரியவில்லை. அம்பைத் திருப்பி இறகுப் பக்கத்தை நீட்டினார். இறகு கருகியது, மரம் அப்படியே இருந்தது. இரும்பை உருக்கும் வெப்பத்தில் மரம் தப்பியது என்பதை அப்படியே ஏற்பது கடினம். ஆனால் ஒருமுறை பார்த்ததோடு நிற்காமல் அம்பைத் திருப்பி மறுபக்கத்தையும் சோதித்த அந்தக் கை நம்மைக் கவர்கிறது. பெயரற்றுப் போயிருக்க வேண்டிய ஓர் ஊழியரின் சோதனை அது.

அபூ ஷாமாவிடமும் இத்தகைய ஒன்று உண்டு. அம்மாத நடுவில் சந்திர கிரகணம் நிகழ்ந்தது என்றும், மறுநாள் சூரியனும் கிரகணமுற்றுச் சில நாட்கள் ஒளி மங்கிக் காணப்பட்டது என்றும் அவர் எழுதினார். சுவர்களில் வெயில் சோர்ந்து விழுவதைக் கண்டு திமிஷ்க் மக்கள் காரணம் புரியாது தவித்தனர். மதீனாவின் செய்தி வந்த பிறகே தெளிந்தனர். சந்திர மாதத்தின் நடுவில் சூரிய கிரகணம் நிகழ வழியில்லை. எரிமலையின் புகைமூட்டமே வெயிலை மங்கச் செய்திருக்கும் என்று நாம் கருதுகிறோம். கிரகணம் என்ற விளக்கம் தவறு; வெயில் மங்கியது என்ற காட்சி சரி. காட்சியை விளக்கத்துக்குள் கரைத்துவிடாமல் எழுதியதால்தான் இன்று நம்மால் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடிகிறது.

இதன் அருமை எதிர்மறையான ஒரு சான்றால் விளங்கும். உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், ஹிஜ்ரி 19இல், ஹர்ரத் லைலாவில் நெருப்பு ஓடியதென்றும், கலீஃபா ஸதகா கொடுக்குமாறு பணித்ததும் அது அணைந்ததென்றும் தபரீ (ரஹ்) பதிவுசெய்கிறார். செய்தி ஓரிரு வரிகளில் முடிகிறது. எத்தனை நாள், எவ்வளவு தூரம், முன்னர் பூமி நடுங்கியதா என்ற விவரம் எதுவுமில்லை. மதீனாவுக்கு மேற்கேயுள்ள சில கூம்புகளே அந்த நெருப்பின் தடயம் என்று நீண்டகாலம் சொல்லப்பட்டு வந்தது. அண்மைக் காலத்தில் அப்பாறைகளின் வயதைக் கணித்தபோது அவை பல்லாயிரம் ஆண்டுகள் மூத்தவை எனத் தெரிந்தது. ஆக, அந்த நெருப்பு எங்கே எரிந்தது என்பது மீண்டும் கேள்வியாகிவிட்டது.

நடுக்கங்களை எண்ணுவதால் என்ன பயன் என்று கேட்கலாம். சாதாரண நிலநடுக்கத்தில் முதலில் ஒரு பேரதிர்வு வரும். பின் சிறிய அதிர்வுகள் குறைந்துகொண்டே போகும். எரிமலைப் பகுதியில் பாறைக்குழம்பு மேலேறும்போது நடப்பது வேறு. பாறையை விரிசலிட்டுச் சுவர்போன்ற பிளவாக அது முன்னேற, ஒவ்வொரு முறிவும் ஓர் அதிர்வாகிறது. தலைமை அதிர்வு என்று ஒன்றைச் சுட்ட முடியாதபடி நூற்றுக்கணக்கில் திரளாக அவை வருகின்றன. ஆகவே எத்தனை, எந்த வேகத்தில், கூடுகிறதா குறைகிறதா என்ற கணக்கே முதல் அறிகுறி. அதைத் தொடங்கிவைக்க நிபுணர் வேண்டியதில்லை. அருகில் வாழ்பவர் போதும்.

மதீனாவின் மடல்களைப் படிக்கையில் ஜப்பானியர் ஒருவர் நம் நினைவுக்கு வருகிறார். ஹொக்கைடோ தீவின் சோபெட்சு என்னும் சிற்றூரில் மிமாட்சு மசாவோ அஞ்சல் அலுவலராக இருந்தார். 1943 டிசம்பர் 28இல் அங்கே நடுக்கங்கள் தொடங்கின. போர்க்காலம், செய்தியை அரசு மறைத்தது, கருவிகளும் கிடைக்கவில்லை. அவர் நடுக்கங்களைக் குறித்துவந்தார். விளைநிலம் மேலெழும்பத் தொடங்கியதும், கயிறுகளைக் குறுக்காகக் கட்டி அவற்றின் ஊடே பார்த்து, வளரும் மலையின் விளிம்பை நாளும் வரைந்தார். 1945இல் வளர்ச்சி நின்றபோது, ஓர் எரிமலையின் பிறப்பு முழுமையாகத் தாளில் இருந்தது. 1948இல் ஆஸ்லோ நகரில் கூடிய எரிமலை அறிஞர்கள் அவ்வரைபடத்தைக் கண்டு வியந்தனர். இன்று அது அவர் பெயராலேயே வழங்குகிறது. காழியும் அஞ்சல் அலுவலரும் எழுநூறு ஆண்டு இடைவெளியில் ஒரே வேலையைச் செய்திருக்கின்றனர்.

ஹிஜாஸின் பூமி அதன்பின் உறங்கிவிடவில்லை. மதீனாவின் வடமேற்கே ஹர்ரத் லுனய்யிர் என்னும் கரும்பாறை வெளி உள்ளது. 2009 ஏப்ரல் முதல் ஜூன் வரை அங்கே 30,000க்கும் மேற்பட்ட நடுக்கங்கள் பதிவாயின. மே 19ஆம் நாள் ஏற்பட்டது 5.4 அளவுடையது. பாலைநிலத்தில் எட்டுக் கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளவு திறந்தது. அருகிலுள்ள ஊர் அல்-ஈஸ். ஹுதைபிய்யா உடன்படிக்கைக்குப் பின் அபூ பஸீர் (ரலி) தஞ்சம் புகுந்த அதே கடலோரப் பகுதி. சவூதி அரசு ஏறத்தாழ 40,000 மக்களை அங்கிருந்து வெளியேற்றியது. குழம்பு தரைக்கு இரண்டு கிலோமீட்டர் ஆழம்வரை ஏறி நின்றுவிட்டதாகச் செயற்கைக்கோள் அளவீடுகள் காட்டின. வெடிப்பு நிகழவில்லை, மக்கள் வீடு திரும்பினர்.

ஊரைக் காலிசெய்ய முடிவெடுப்பது எளிதன்று. நடுக்கத் திரள் இந்நிலத்தில் எதில் முடியும் என்பதற்கு முன்னுதாரணம் வேண்டும். கருவிகளின் பதிவோ சில பத்தாண்டுகளுக்கு மேல் பின்னோக்கிச் செல்லாது. அரேபியாவின் கண்கண்டோர் சான்றுகளில், ஐந்து நாள் நடுக்கம் நெருப்பில் முடிந்ததை நாள்வாரியாகச் சொல்பவை 654இன் மடல்கள். அம்ப்ரஸேஸும் அவருடன் இருவரும் 1994இல் எகிப்து, அரேபியா, செங்கடல் பகுதிகளின் நிலநடுக்க வரலாற்றைத் தொகுத்தபோது நம் அரபு வரலாற்று நூல்களையே நாடினர். முன்னறிவிப்பின் சான்றாக மட்டும் அம்மடல்களைப் படித்துவந்த நாம், அவற்றில் பாதியைப் படிக்காமலே விட்டிருக்கிறோம் என்று சொன்னால் மிகையாகாது.

அந்தக் குழம்பு அடைத்த ஓடையின் கதையையும் சொல்லிவிடுவோம். மதீனாவுக்கு நீர் கொணர்ந்த ஷதா ஓடையின் குறுக்கே குழம்பு உறைந்து அணையானது. மழைநீர் அதன் பின்னே ஏரிபோல் தேங்கியது. ஹிஜ்ரி 690இல் நீர் அணையின் அடியைத் துளைத்துப் பாய்ந்தது. அவ்வெள்ளத்தையும் ஒருவர் பார்த்து எழுதிவைத்திருக்கிறார்.